ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய வாடகை வீடு: எங்கள் குடும்பத்தின் அனுபவம்

திருகோணமலை நகரில் குறைந்த வருமானமுள்ள குடும்பங்களுக்காக ஒரு பொது நிறுவனம் நடத்திவரும் தொடர்மாடிக் குடியிருப்பில் எங்கள் குடும்பம் 2009ஆம் ஆண்டு முதல் வாடகைக்கு இருந்துவருகிறது. ஒப்பந்தம் அம்மாவின் பெயரில் இருக்கிறது. நான் 2019இல் திருமணமாகி அன்புவழிபுரத்துக்கு வந்துவிட்டேன். அம்மா இப்போதும் அங்கேயே இரண்டாம் மாடியில், மூன்று அறை வீட்டில் தனியாக இருக்கிறார். அந்த வீட்டுக்கு விண்ணப்பிக்கலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் பலர். வீட்டைப் பற்றி மட்டும் சொல்லி, ஐந்தாண்டில் முடிந்து மறுபடி புதுப்பிக்க வேண்டிய அந்த ஒப்பந்தத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அது பாதிப் பதிலாகத்தான் இருக்கும்.

வீடு நல்ல வீடு. சந்தையும் பஸ் நிலையமும் பெரியாஸ்பத்திரியும் எட்டும் தூரத்தில் உள்ளன. பங்குனி வெயிலிலும் மாலையானால் கடற்காற்று வரும். வாடகை, இதே அளவுள்ள தனியார் வீட்டுக்குக் கேட்பதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மேல்தாங்கியை ஒழுங்காகக் கழுவுகிறார்கள். மாத வாடகைக்குப் பற்றுச்சீட்டுத் தராமல் ஒருநாளும் அனுப்பியதில்லை, அம்மாவும் அவற்றில் ஒன்றைக்கூடத் தொலைத்ததில்லை.

பழுதுபார்க்கும் வேலைதான் மோசம். குசினிக்கு வெளியே உள்ள சிறு பல்கனியின் கூரையில் உப்புக்காற்றுப் பட்டுச் சீமெந்து பெயர்ந்து, உள்ளிருக்கும் கம்பி துருவேறி வெளியே தெரிந்தது. மழை பெய்தால் செங்காவி நிறத் தண்ணீர் கீழே வைத்த வாளிக்குள் சொட்டும். படம் எடுத்துக் கடிதத்துடன் கொடுத்தோம். பார்வையிட வந்த உத்தியோகத்தர் கம்பியை ஒரு தடவை தட்டிப் பார்த்துவிட்டு அம்மாவிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "அம்மா, உங்கட ஒப்பந்தம் எப்ப முடியுது?" அடுத்த ஆண்டு என்றார் அம்மா. "அப்பிடியெண்டால் புதுப்பிச்சாப் பிறகு பாப்பம்." பதினான்கு மாதங்கள் கழித்தே மேசன் வந்தார். அவர் கெட்ட மனிதர் என்று நான் சொல்லவில்லை. குடியிருப்பவர் இருப்பாரா போவாரா என்று தெரியாத வீட்டில் நிறுவனமும் காசு போடாது, குடியிருப்பவரும் போடமாட்டார் என்பதை அன்றுதான் கண்ணால் கண்டேன்.

புதுப்பிப்பு என்பது ஒரு பதிவுத் தபாலோடு தொடங்குகிறது. கிராம உத்தியோகத்தரின் சான்று, வருமான விபரம், வேறு வீடோ காணியோ இல்லை என்ற உறுதிக்கூற்று, வாடகைப் பாக்கி இல்லை என்ற அத்தாட்சி எல்லாவற்றையும் கொடுத்தபின், 2014இல் மூன்று மாதமும் 2019இல் ஐந்து மாதமும் 2024இல் ஏழு மாதமும் பதில் வரக் காத்திருந்தோம். அந்த ஏழு மாதமும் அம்மா வீட்டில் எதையும் மாற்றவில்லை. புதிதாக வாங்கிய பத்திரகாளி அம்மன் படம் அரிசி வாளியின்மேல் சுவரோடு சாய்த்தபடியே இருந்தது. ஆணி அடித்துத் தரட்டுமா என்று கேட்டேன். "கடிதம் வரட்டும் பிள்ளை" என்றார். 1990இல் நிலாவெளியை விட்டு ஓடிவந்து, அகதி முகாமிலும் உறவினர் வீடுகளிலுமாக ஐந்து இடம் மாறியவர் அவர். இந்த மாவட்டத்தில் அப்படி வாழ்ந்தவர்கள் ஒருவர் இருவர் அல்ல. அவர்களிடம் கொடுக்கும் வீட்டுக்கு ஒரு முடிவுத் தேதியையும் சேர்த்துக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

நிறுவனத்தின் நியாயத்தையும் சொல்ல வேண்டும். காத்திருப்போர் பட்டியல் நீளமானது. வசதி வந்தவர்கள் இடம்விட்டால்தான் வசதியில்லாதவர்கள் உள்ளே வரலாம் என்பது அவர்களின் வாதம். கேட்கும்போது சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் கட்டடத்திலேயே ஒரு வீட்டின் ஒப்பந்தக்காரர் வேறோர் இடத்தில் சொந்த வீடு கட்டிக்கொண்டு, இந்த வீட்டைப் பல மடங்கு வாடகைக்கு மறுவாடகை விட்டிருக்கிறார். அவருடைய ஒப்பந்தம் இரண்டு தடவை புதுப்பிக்கப்பட்டுவிட்டது. ஏனெனில் மீளாய்வில் பத்திரங்களைப் பார்க்கிறார்களே தவிர வீட்டுக் கதவைத் தட்டிப் பார்ப்பதில்லை. காலவரம்பு அவரைப் பிடிக்கவில்லை. உண்மையாக அங்கே வாழ்கிற எழுபத்துநான்கு வயதுப் பெண்ணை ஏழு மாதம் தூங்கவிடாமல் வைத்தது. ஆண்டுக்கு ஒருமுறை நேரில் போய்ப் பார்த்தால் போதும், அதற்கு எவருடைய ஒப்பந்தமும் முடியத் தேவையில்லை.

பொது வாடகை வீட்டின் ஒப்பந்தத்துக்குக் காலவரம்பு வேண்டுமா என்ற இந்தக் கேள்வியை நம்மைவிட நீண்டகாலம் விவாதித்த நாடு பிரித்தானியா. அங்கே 1980ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டம், வாடகையைச் செலுத்தி நிபந்தனைகளைக் காக்கும்வரை நீதிமன்ற ஆணையின்றி வெளியேற்ற முடியாத குடியிருப்புரிமையை உள்ளூராட்சி வீடுகளில் இருந்தோருக்குக் கொடுத்தது. 2011ஆம் ஆண்டுச் சட்டம், புதிதாக வருவோருக்குப் பொதுவாக ஐந்து ஆண்டும் விதிவிலக்காக இரண்டு ஆண்டும் என வரையறுத்த ஒப்பந்தம் கொடுக்க இங்கிலாந்தின் உள்ளூராட்சிகளுக்கு அனுமதி தந்தது. 2016இல் இன்னொரு சட்டம் அதைக் கட்டாயமாக்க முனைந்தது. ஆனால் அந்தப் பகுதியை நடைமுறைப்படுத்தப் போவதில்லை என்று 2018இல் அரசாங்கமே அறிவித்துப் பின்வாங்கியது. ஏறத்தாழ 220,000 மாநகர வீடுகளை வைத்திருக்கும் வியன்னாவிலோ, உள்ளே வரும்போது வருமானத்தைப் பார்க்கிறார்கள். வந்தபின் ஒப்பந்தத்துக்கு முடிவுத் தேதி கிடையாது. வருமானம் கூடியவர்களை என்ன செய்வது என்பதற்கு ஹொங்கொங் 1987 முதல் ஒரு வழி வைத்திருக்கிறது: நீண்டகாலம் குடியிருப்போரின் வருமானம் வரம்பைத் தாண்டினால் வாடகை கூடும். நான் சம்பாதித்துக்கொண்டு அந்த வீட்டில் இருந்த ஆண்டுகளில் எங்களிடமும் அப்படிக் கூட்டிக் கேட்டிருந்தால் மனமுவந்து கொடுத்திருப்போம்.

ஐந்தாண்டுக்குப் பதிலாக வாழ்நாள் முழுவதற்கும் ஒப்பந்தம் கொடுக்க வேண்டும் என்பதே என் எண்ணம். வாழ்நாள் என்றால் எவருடைய வாழ்நாள் என்பதில் எனக்குக் குழப்பமில்லை. ஒப்பந்தக்காரரும், அவரோடு அங்கே வாழ்ந்துவந்த வாழ்க்கைத் துணையும் சாகும்வரை இருக்கட்டும். பிள்ளைகளுக்கு அது சொத்தாக இறங்கக் கூடாது. அம்மாவின் வீடு எனக்கு வேண்டாம். நான் இன்று வாடகைக்கு இருக்கும் வீட்டுக்குக் கட்டும் பணம் எனக்குப் பாரமாக இருந்தாலும் என்னைவிடப் பாரம் சுமப்பவர்கள் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். அதே காரணத்தால்தான், 2023 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவுசெலவுத் திட்டத்தில் அரச தொடர்மாடிகளில் வாடகைக்கு இருப்போருக்கு வீடுகளைச் சொந்தமாக்குவதாக அறிவித்தபோது, அந்தக் குடும்பங்களுக்காக மகிழ்ந்தும் முழுதாக மகிழ முடியவில்லை. சொந்தமாகிய வீடு மறுபடி பட்டியலில் நிற்பவருக்கு வராது. பிரித்தானியாவில் 1980க்குப் பிறகு குடியிருந்தோருக்கு விற்ற இலட்சக்கணக்கான வீடுகளுக்கு ஈடாகப் புதியவை கட்டப்படாமல் போனதால்தான் ஸ்கொட்லாந்து 2016இலும் வேல்ஸ் 2019இலும் அந்த விற்பனையை நிறுத்தின.

மிகப் பெரிய குறையை இன்னும் சொல்லவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், முப்பத்தெட்டுப் படிகள். தரைத்தளத்தில் ஓர் அறை வீடு கிடைத்தால் இந்த மூன்று அறை வீட்டை நாளைக்கே விட்டுத்தருவேன் என்று இரண்டு தடவை எழுத்தில் கொடுத்திருக்கிறார். கீழே ஒரு சிறிய வீட்டில் தாயும் தகப்பனும் நான்கு பிள்ளைகளும் நெருக்கியடித்து இருக்கிறார்கள்; அவர்களும் மாற ஆயத்தம். பரஸ்பரம் மாற்றிக்கொள்ள ஒப்பந்தத்தில் ஏற்பாடு இல்லை என்று பதில் வந்தது. பெரிய வீட்டைத் தனி ஆள் அடைத்துக்கொண்டிருக்கிறார் என்று காலவரம்புக்கு நியாயம் சொல்பவர்கள், அந்த ஆள் தானே முன்வந்து கொடுக்கும் வீட்டை வாங்கிக்கொள்ளும் வழியை முதலில் எழுதிவைக்கட்டும்.

விண்ணப்பிக்க நினைப்பவர்கள் விண்ணப்பியுங்கள். அந்த வாடகைக்கு நகருக்குள் வேறு வீடு கிடைக்காது. கையொப்பம் இடுமுன் புதுப்பிப்புப் பற்றிய பிரிவையும் குடும்ப அங்கத்தவர் விபரத்தையும் நிதானமாக வாசியுங்கள், கணவன் மனைவி இருவர் பெயரிலும் ஒப்பந்தம் தரும்படி கேளுங்கள், வயதானவர் இருந்தால் தரைத்தளம் வேண்டும் என்பதை முதல் விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். பற்றுச்சீட்டுகளை ஆண்டுவாரியாகக் கட்டிவையுங்கள். 2019இல் எங்களிடம் இரண்டு மாதப் பாக்கி இருப்பதாகச் சொன்னபோது அவைதான் எங்களைக் காப்பாற்றின. எங்களின் அடுத்த புதுப்பிப்பு 2029இல். அப்போது அம்மாவுக்கு எழுபத்தொன்பது வயதாகியிருக்கும்.