தரையில் உட்கார முடியாத அம்மாவுக்கு எந்த வகுப்பு? நாகர்கோவிலில் நாங்கள் ஏறி இறங்கிய நாலு இடங்கள்

அம்மாவுக்கு 73 வயது, எனக்கு 49. அம்மாவுக்கு ரெண்டு முட்டும் தேய்மானம். எனக்கு ஆபீஸில் உட்கார்ந்தே வாங்கிய இடுப்பு வலி. ரெண்டு பேரும் சேர்ந்து போகிற மாதிரி ஒரு உடற்பயிற்சி வகுப்பு தேடினோம். "நீ போ மக்களே, நான் வந்து அங்க என்ன செய்யப் போறேன்" என்றுதான் அம்மா ஆரம்பித்தது.

போன இடமெல்லாம் நான் ஒன்றைத்தான் கவனித்தேன். கீழே உட்கார முடியாத ஆளுக்கு அங்கே என்ன வேலை கொடுக்கிறார்கள்? "நீங்க சும்மா பாத்துட்டு இருங்கம்மா" என்று சொன்னால், அது எங்களுக்கான இடம் இல்லை.

முதலில் போனது மைதானத்துக்கு. வெள்ளன அஞ்சரைக்கு நடை, அப்புறம் கைவீச்சு, கடைசியில் கைதட்டிச் சிரிப்பு. இந்த மாதிரிச் சிரிப்புக் குழுவை முதலில் 1995-இல் மும்பையில் மதன் கட்டாரியா என்ற டாக்டர் பூங்காவில் அஞ்சு பேரோடு தொடங்கினார். காசு கிடையாது, தரையில் உட்கார வேண்டாம், பேச்சுத்துணைக்கும் குறைவில்லை. அம்மாவுக்கு இடம் பிடித்துப் போனது. ஆனால் நம்ம மாவட்டத்துக்கு ரெண்டு பருவமழையும் உண்டே! ஜூனில் பாதி நாள் குடையோடு போய்த் திரும்பினோம். இன்னொன்றை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அடக்காமல் சிரித்தால் பிள்ளை பெற்ற பெண்கள் பலருக்கு மூத்திரம் கசியும். ரெண்டு அக்காமார் அதனாலேயே நின்றுவிட்டார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. குடலிறக்கம் உள்ளவர்களும், சமீபத்தில் கண் ஆபரேஷன் முடித்தவர்களும் டாக்டரைக் கேட்காமல் இதில் சேர வேண்டாம்.

நடை மட்டும் போதும் என்பவர்களுக்கு, 2023 நவம்பரில் அரசு தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' இருக்கிறது. ஆனால் அது 8 கிலோமீட்டர். அம்மாவுக்கு 800 மீட்டரே பெரிய காரியம்.

அடுத்தது யோகா வகுப்பு. எனக்கு மட்டும் என்றால் இதையே எடுத்திருப்பேன். ஒரே மாதத்தில் இடுப்புப் பிடிப்பு விட்டது. சொல்லிக்கொடுத்தது சின்னப் பையன், உடம்பு ரப்பர் மாதிரி வளைகிறது. அவனுக்கு வளையாத உடம்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. காலை நீட்டி முன்னால் குனியும் ஆசனத்தில் அம்மாவின் முதுகில் கை வைத்து, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று அழுத்திவிட்டான். எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள் அப்படிக் குனிந்தால் முதுகெலும்பின் முன்பக்கம் நசுங்கக்கூட வாய்ப்பு உண்டு. அம்மா தப்பியது ரெண்டு நாள் வலியோடு. தரையில் உட்கார்ந்து தானாக எழும்ப முடிகிறவர்கள் தாராளமாகப் போகலாம். மற்றவர்கள், ஆசிரியர் சேர் போட்டுச் சொல்லித்தருவாரா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். (கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரத்தின் யோகா முகாம்கள் அங்கேயே தங்கிப் படிப்பவை. அது வேறு கணக்கு.)

மூன்றாவது மனவளக்கலை மன்றம். வேதாத்திரி மகரிஷி வகுத்த எளியமுறை உடற்பயிற்சி. கை, கால், மூச்சு, கண், கபாலபதி (மூச்சை வேகமாக வெளியே தள்ளுவது), மகராசனம், உடல் தேய்த்தல், அக்குபிரஷர், உடல் தளர்த்தல் என்று ஒன்பது பகுதி, எப்போதும் ஒரே வரிசை. ஒரு தடவை படித்துவிட்டால் வீட்டிலேயே செய்யலாம், மழை பெய்தால் என்ன. கைக்கும் மூச்சுக்கும் கண்ணுக்கும் அம்மா சேரில் இருந்தே எல்லாரோடும் சேர்ந்துகொண்டாள். கால் பயிற்சி வந்ததும் எல்லாரும் கீழே உட்கார்ந்தார்கள். அம்மா சேரில் இருந்து கணுக்காலை மட்டும் சுற்றினாள். மகராசனத்துக்குப் படுக்க வேண்டும், அது போச்சு. கபாலபதியை பிரஷர் உள்ளவர்கள் கேட்டுத்தான் செய்யணும். ஆக, ஒன்பதில் ஆறு தேறும். பக்கத்து வீட்டு அக்கா, சர்ச்சுக்குப் போகிறவர், தவம் என்ற வார்த்தையைக் கேட்டதும் (மன்றத்தில் தியானத்துக்கு அந்தப் பெயர்) வாசலோடு திரும்பிவிட்டார். பயிற்சிக்கு மட்டும் வரலாம் என்று மன்றத்தில் சொன்னது அவர் காதில் ஏறவில்லை.

எனக்குக் குறையாகப் பட்டது வேறொன்று. 65 தாண்டியவர்கள் வாரம் மூணு நாளாவது, விழாமல் நிற்கும் பயிற்சியும் பலம் கூட்டும் பயிற்சியும் செய்யணும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்த வரிசையில் அது குறைவு.

அது கிடைத்தது நாலாவது இடத்தில். ஒரு சர்ச் ஹாலில் பிசியோதெரபிஸ்ட் பெண் நடத்தும் சேர் வகுப்பு. பிளாஸ்டிக் சேர்களின் முதுகு சுவரில் ஒட்டியிருக்கும், எழும்பும்போது வழுக்காமல் இருக்க. எல்லாருக்கும் வெறுங்கால். முதல் நாளே ஒரு பரீட்சை. கையை நெஞ்சில் குறுக்கே வைத்துக்கொண்டு 30 நொடியில் எத்தனை தடவை எழும்பி உட்கார முடிகிறது? 70 முதல் 74 வயதுப் பெண்களுக்கு 10-க்குக் கீழே வந்தால் விழும் ஆபத்து கூடுதல். அம்மா ஏழில் நின்றாள்.

ஒவ்வொரு பயிற்சிக்கும் மூணு படி. சேரின் முதுகை ரெண்டு கையால் பிடித்துக் குதிகாலைத் தூக்குவது முதல் படி, ஒரு விரலை மட்டும் வைத்துக்கொள்வது ரெண்டாவது, கையை விட்டுவிடுவது மூணாவது. டைல்ஸ் கோட்டில் பெருவிரலை ஒட்டி அடுத்த குதிகாலை வைத்து நடக்கணும். நான் நாலாவது அடியிலேயே ஆடினேன், அம்மாவுக்கு ஒரே சிரிப்பு. ஐம்பது வருஷம் ரப்பர் பால்வெட்டின ஒரு தாத்தா வருவார். அவர் கால் தூண் மாதிரி, வலது தோள்தான் காதுக்கு மேலே போகாது. அவருக்குத் தோளில் முதல் படி, காலில் மூணாவது. வயதைப் பார்த்துப் படி கொடுப்பதில்லை.

குறை இல்லாமல் இல்லை. நாலில் அதிகக் கட்டணம் இதற்குத்தான். கல்யாணம், திருவிழா என்றால் ஹால் கிடைக்காது. எண்ணுகிற சத்தம் தவிர ஒன்றும் இல்லாததால் கொஞ்சம் போரடிக்கும்.

கடற்கரை மணலில் நடக்கலாமே என்று பலர் சொன்னார்கள். சங்குத்துறையில் ஒருநாள் பார்த்தோம். கால் புதையும், கரை கடலைப் பார்த்துச் சரியும். ஆடும் முட்டுக்கு அது சரிப்படாது. தண்ணீர் நல்லது, இடுப்பளவு நீரில் உடல் பாரம் பாதிதான் தெரியும். ஊருக்கு ஒரு குளம் உண்டு, படிக்கட்டில் பாசியும் உண்டு.

இப்போது செவ்வாய், வியாழன், சனி சேர் வகுப்பு. மற்ற நாளில் மன்றத்தில் படித்த கையும் மூச்சும் வீட்டில். மூணு மாசத்தில் அம்மா ஏழில் இருந்து பதினொன்றுக்கு வந்திருக்கிறாள். கேட்டால் அதைப் பற்றிப் பேச மாட்டாள். எட்டு மணிக்குள் வீட்டுக்கு வரணும், இல்லாவிட்டால் மீன்காரி தாண்டிப் போய்விடுவாள் என்பதுதான் அவள் கவலை.