முடி நடப் போய், மொட்டையோடு திரும்பினேன்

ஜூன் பள்ளி விடுமுறைக்கு 18 நாள் லீவு போட்டுவிட்டு சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் போனேன். காரணம் இரண்டு. தங்கை மகனுக்கு சுவாமிமலையில் மொட்டை போட்டுக் காது குத்து, அதற்குத் தாய்மாமன் மடி வேண்டும். இன்னொரு காரணத்தை மனைவியிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன்: அப்படியே முடி நட்டுக்கொண்டு வருவது.

எனக்கு 36 வயது. 28-ல் நெற்றி இரண்டு பக்கமும் ஏற ஆரம்பித்தது. இப்போது லிஃப்டுக்குள் மேலே விளக்கு எரிந்தால் உச்சியிலும் தோல் பளபளக்கிறது. சிங்கப்பூரில் விலை விசாரித்தேன். அந்தப் பணத்துக்கு மன்னார்குடிப் பக்கம் ஒரு மா நிலத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடலாம் போலிருந்தது. சரி, ஊரிலேயே பார்த்துக்கொள்வோம் என்று நினைத்தேன்.

வீட்டுக்குள் நுழைந்ததுமே அம்மாவின் கண் மண்டைக்குத்தான் போனது. "அந்த ஊரு தண்ணி ஒத்துக்கலைடா" என்றார். எங்கள் தெருவிலேயே பிறந்து, இதே தண்ணீரில் குளித்து, இதே கரிசலாங்கண்ணி எண்ணெயைத் தேய்த்து, 40 வயதில் முழு வழுக்கையான அப்பா பக்கத்தில்தான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அம்மா அவரைக் கணக்கில் சேர்க்கவில்லை.

மூன்றாம் நாள் திருச்சிக்குப் போனேன். கிளினிக்கின் பெயர் வேண்டாம். ஏசி, கண்ணாடிக் கதவு, சுவர் முழுக்க 'முன்பு', 'பின்பு' படங்கள். என்னைப் பார்த்தவர் ஆலோசகர் என்று அட்டை மாட்டிய ஒரு பெண். கனிவாகத்தான் பேசினார். ஐந்து நிமிடம் தலையைப் பார்த்துவிட்டு, புருவப் பென்சில் போன்ற ஒன்றால் நெற்றியில் கோடு போட்டுக் கண்ணாடியைக் காட்டினார். கல்லூரி அடையாள அட்டையில் இருந்த என் முகம் ஒரு நொடி தெரிந்தது. இந்த வியாபாரமே அந்த ஒரு நொடியில்தான் நடக்கிறது என்பது பிறகுதான் புரிந்தது.

2,500 கிராஃப்ட், அதாவது வேரோடு எடுத்து நடும் முடிக் கொத்து. ஒன்றுக்கு 40 ரூபாய் என்றால் ஒரு லட்சம். அழகுக்காகச் செய்வது என்பதால் மருத்துவத்துக்கு உள்ள வரிவிலக்கு கிடையாது, 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 1,18,000. இன்றே முன்பணம் கட்டினால் பத்து சதவீதம் தள்ளுபடி. நம் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றித் தலையில் ஊசியாகப் போடும் பிஆர்பி நான்கு முறை இலவசம்.

"டாக்டரைப் பார்க்கலாமா?"

"சர்ஜரி அன்னைக்கு வருவாங்க சார். லைன் அவங்கதான் போடுவாங்க."

"முடியை எடுக்கறது, நடறது?"

"அதெல்லாம் எங்க டீம் சார். ரொம்ப எக்ஸ்பீரியன்ஸ்டு."

முன்பணம் கட்டாமல் எழுந்து வந்தேன். 2016-ல் சென்னையில் முடி மாற்றுச் சிகிச்சை செய்துகொண்ட மருத்துவக் கல்லூரி இறுதியாண்டு மாணவர் ஒருவர் இறந்துபோனது எனக்கு நினைவிருந்தது. மருத்துவம் படித்த பையனுக்கே அந்தக் கதி. தலையில் வெட்டுவது சின்ன வேலை போலத் தெரியலாம், ஆனால் மரத்துப்போவதற்காகப் போடும் ஊசி மருந்துக்கு அளவு உண்டு. அளவு மீறினாலோ ஒவ்வாமை வந்தாலோ பக்கத்தில் மருத்துவர் நிற்க வேண்டும். தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதற்கென்று பயிற்சி பெற்ற மருத்துவர்தான் செய்ய வேண்டும் என்கிறது, யூடியூபிலும் பயிலரங்கிலும் பார்த்துக் கற்றது போதாது என்று எழுதியே வைத்திருக்கிறது. தொழில்நுட்பர்கள் உதவலாம், பொறுப்பு மருத்துவருடையது.

அன்று மாலை எங்கள் கடைத்தெரு மெடிக்கலில் தலைவலி மாத்திரை வாங்கும்போது, வழுக்கைக்குச் சாப்பிடும் ஃபினாஸ்டரைடு மாத்திரையைப் பற்றிச் சும்மா கேட்டேன். கடைக்காரத் தம்பி சிரித்தார். "உங்க அப்பா மாசாமாசம் வாங்குறாரே அண்ணே, அதேதான். அவருக்கு 5 மில்லி. நீங்க அதையே வாங்கி நாலா உடைச்சுப் போட்டுக்குங்க, பாதிக் காசு மிச்சம்." மருத்துவர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத மாத்திரை அது. ஒரு பட்டையை எடுத்து மேசையில் வைத்தேவிட்டார்.

வீட்டுக்கு வந்து அலமாரியைப் பார்த்தேன். உண்மைதான். அப்பாவின் பிராஸ்டேட் மாத்திரையும் வழுக்கை மாத்திரையும் ஒரே மருந்து. 1992-ல் பிராஸ்டேட் வீக்கத்துக்கு 5 மில்லிகிராமாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது, 1997-ல் முடிக்காக 1 மில்லிகிராமாக வந்தது. தலையில் தடவும் மினாக்ஸிடிலும் இதே மாதிரி வழிதவறி வந்ததுதான். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரையாகச் சாப்பிட்டவர்களுக்குக் கண்ட இடத்திலெல்லாம் முடி முளைத்தது, 1988-ல் அது தலைக்குத் தடவும் மருந்தானது. நேரடியாக வழுக்கையை நினைத்துக் கண்டுபிடித்த மருந்து இந்த இரண்டில் ஒன்றுகூட இல்லை.

சுவாமிமலைக்கு வருவோம். அறுபது படி ஏறுவதற்கு முன்பே கீழே மொட்டை. அறநிலையத் துறைக் கோயில்களில் 2021 முதல் மொட்டைக்குக் கட்டணம் இல்லை. மருமகன் என் மடியில் உட்கார்ந்து ஊரைக் கூட்டினான். முடி இறக்கிய பெரியவர் அவன் தலையைத் தண்ணீரால் தடவிக்கொண்டே என் தலையைப் பார்த்தார். "மாமன் தலைதான் மருமவனுக்கு" என்றார். சுற்றி நின்ற உறவுக் கூட்டம் மொத்தமும் என் உச்சியையும் பையன் உச்சியையும் மாறி மாறிப் பார்த்தது. தங்கையின் முகம் சுருங்கிவிட்டது.

அந்தப் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. ஆண் ஹார்மோனை வேர்க்கால் எந்த அளவுக்குப் பிடித்துக்கொள்ளும் என்பதைத் தீர்மானிக்கும் மரபணு ஒன்று எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆண் பிள்ளைக்கு அது அம்மாவிடமிருந்துதான் வரும். ஆனால் அது ஒன்று மட்டும் இல்லை, அப்பா வழியிலிருந்தும் நிறைய வருகிறது. மச்சான் தலை அடர்த்தியாக இருக்கிறது, அதனால் பையனுக்கு வாய்ப்பு உண்டு என்று தங்கையைச் சமாதானப்படுத்தினேன்.

அப்போதுதான் அம்மா ஆரம்பித்தார். எனக்கு வேலை கிடைத்ததும் மொட்டை போடுவதாக வேண்டியிருந்தாராம். பன்னிரண்டு வருடக் கடன். "அதான் முருகன் அவனே எடுத்துக்கிட்டு இருக்கான்" என்றார் மச்சான். பதில் சொல்ல முடியவில்லை, உட்கார்ந்துவிட்டேன்.

அன்று மாலைதான் கும்பகோணத்தில் தோல் மருத்துவரிடம் நேரம் வாங்கியிருந்தேன். சந்தனம் பூசிய தலையோடு போய் நின்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "முடி வேணும்னு வர்றவங்க தொப்பி போட்டுட்டு வருவாங்க. நீங்கதான் சார் முதல் ஆள்." ஒரு வாரம் முளைக்கட்டும், பிறகு வாருங்கள் என்று சொல்லி, தைராய்டுக்கும் இரும்புச் சத்துக்கும் ரத்தப் பரிசோதனை எழுதினார். முடிக்கென்று நான் சாப்பிட்டுவந்த பயோட்டின் வைட்டமின் மாத்திரையை அதற்கு முன்னால் நிறுத்தச் சொன்னார். குறைபாடு இல்லாதவருக்கு அதனால் பயன் இல்லை, தைராய்டு முடிவைத் தப்பாகக் காட்டவும் செய்யும் என்றார். இரண்டு வருடமாகக் காசு கொடுத்து வாங்கியது அது.

அடுத்த முறை போனபோது கொஞ்சம் முடி முளைத்திருந்தது. சின்ன உருப்பெருக்கிக் கருவியைத் தலையில் வைத்துத் திரையில் காட்டினார். பிடரியில் எல்லா முடியும் ஒரே தடிமன். உச்சியில் தடித்த முடிக்கு நடுவே பூனைமயிர் போல மெலிந்தவை ஏராளம். டிஹெச்டி என்ற ஹார்மோன் வேர்க்காலைச் சுருக்கிக்கொண்டே போவதன் அடையாளம் அது. வழுக்கையை அளக்கும் நார்வுட் அளவுகோலில் ஏழு நிலைகள், நான் நான்காவதில் நிற்கிறேன், நின்ற இடத்தில் நிற்கவும் இல்லை.

நடவைப் பற்றி அவர் சொன்னதை அப்பாவிடம் சொன்னபோதுதான் எனக்கே நன்றாக விளங்கியது. பம்பு செட்டுத் தண்ணீரில் குறுவை நடவு நடந்துகொண்டிருந்த நேரம், இருவரும் வரப்பில் நின்றோம்.

"பின்னந்தலையிலேர்ந்து பறிச்சு முன்னாடி நடுவாங்களா? அங்க மறுபடி முளைக்குமா?"

முளைக்காது என்றேன். எடுத்தது எடுத்ததுதான்.

"அப்ப நாத்தங்கால் எவ்வளவு இருக்கோ அவ்வளவுதான் நடவு. குத்துக்கு எத்தனை?"

ஒரு கிராஃப்டில் ஒன்று முதல் நான்கு முடி வரை.

"நெல்லுன்னா தூர் கட்டும். இது கட்டாது." கொஞ்சம் யோசித்துவிட்டு, "முன்னாடி நட்டுட்டு வந்துடற. பின்னாடி இருக்கற பழைய பயிர் காஞ்சுதுன்னா?" என்றார்.

மருத்துவரும் இதையேதான் சொன்னார். பிடரி முடி எங்கே நட்டாலும் பிறந்த இடத்துக் குணத்தோடுதான் இருக்கும், நிரந்தரமாக உதிராது. நியூயார்க்கில் ஓரன்ட்ரைக் என்ற மருத்துவர் 1950-களில் செய்துகாட்டியது அது. இந்தச் சிகிச்சையே அதன்மேல்தான் நிற்கிறது. ஆனால் நட்டதற்குப் பின்னால் இருக்கும் சொந்த முடி தன் பாட்டுக்கு உதிரும். மருந்து இல்லாமல் நட்டால், சில வருடத்தில் நெற்றியில் ஒரு வரிசை, நடுவில் பொட்டல். அதை நிரப்ப இன்னொரு நடவு, நாற்றங்காலோ பாதி காலி. முதலில் ஒரு வருடம் மருந்து, உதிர்வது நிற்கிறதா பார்ப்போம், பிறகு நடவைப் பேசுவோம் என்றார்.

18 நாள் லீவுக்கும் நடவு ஒத்துவராது. மூன்று நான்கு நாளில் நெற்றி வீங்கிக் கண்வரை இறங்கும், பொருக்கு உதிர ஏழு முதல் பத்து நாள் ஆகும். நட்ட முடி இரண்டு முதல் ஆறு வாரத்துக்குள் பெரும்பாலும் கொட்டிவிடும். பயந்துபோய் யாரையாவது கேட்கலாம் என்றால் நான் அப்போது சிங்கப்பூர் ஜூரோங்கில் இருப்பேன். மூன்று நான்கு மாதத்தில் மறுபடி துளிர்க்கும், முழுப் பலன் தெரிய ஒரு வருடம். நட்ட பயிர் பழுத்துப் பச்சை பிடிக்கிற கதைதான், இதற்கு ஒரு வருடம் பிடிக்கிறது.

மாத்திரையைப் பற்றித்தான் அதிக நேரம் பேசினோம். இரண்டு வருட ஆய்வில் ஃபினாஸ்டரைடு எடுத்தவர்களில் 83 சதவீதம் பேருக்கு உச்சி முடியின் எண்ணிக்கை குறையவில்லை, மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 28 சதவீதம். ஆசை குறைவது, விறைப்பில் சிக்கல் போன்றவை முதல் வருடத்தில் 3.8 சதவீதம் பேருக்கு வந்தன, வெற்று மாத்திரையிலேயே 2.1 சதவீதம் பேருக்கு வந்தது. மனச்சோர்வு பற்றி அவராகவே எடுத்தார். 2025-ல் ஐரோப்பிய மருந்து முகமை தற்கொலை எண்ணத்தையும் இதன் பக்கவிளைவாக உறுதிசெய்திருக்கிறது. எனக்கோ வீட்டில் யாருக்கோ அப்படி ஏதாவது இருந்ததா என்று கேட்டார். மனநிலை மாறினால் உடனே நிறுத்திவிட்டு அழைக்கச் சொன்னார். திருச்சியில் இதில் ஒரு வார்த்தைகூட என் காதில் விழவில்லை.

நாலாக உடைக்கும் யோசனையைச் சொன்னேன். வேண்டவே வேண்டாம் என்றார். நாங்கள் இரண்டாவது குழந்தைக்கு முயல்கிறோம். உடைந்த மாத்திரைத் தூளைக் கர்ப்பமான பெண் தொட்டால் வயிற்றில் இருப்பது ஆண் சிசு என்றால் கேடு. உறையோடு இருக்கும் முழு மாத்திரை என்றால் அந்தப் பயம் இல்லை. சிலருக்கு விந்தணு எண்ணிக்கை குறையலாம், நிறுத்தினால் தேறும், கரு தங்கத் தாமதமானால் முதலில் இந்த மாத்திரையை நினையுங்கள் என்றார். நான் ரத்த தானம் செய்பவன். மாத்திரை எடுக்கும்வரை அதுவும் கூடாது, நிறுத்தினாலும் ஒரு மாதம் கழித்துத்தான். அப்புறம் அப்பாவுக்கு ஒரு செய்தி: பிராஸ்டேட்டுக்காக ரத்தத்தில் பார்க்கும் பிஎஸ்ஏ அளவை இது பாதியாகக் காட்டும், பரிசோதனைக்குப் போனால் இந்த மாத்திரை சாப்பிடுவதைச் சொல்ல வேண்டும். அப்பா அதுவரை சொன்னதில்லையாம்.

"அவருக்கு ஏன் சார் முளைக்கலை?"

"முப்பது வருஷம் தரிசாக் கிடந்த நிலம் சார். இருக்கறதைக் காப்பாத்தத்தான் மருந்து."

மொத்தச் செலவு: மருத்துவருக்கு இரண்டு முறை 400, ரத்தப் பரிசோதனை, மூன்று மாதத்துக்கு மாத்திரை, மினாக்ஸிடில் மூன்று பாட்டில். தடவுவது ஒரு வேளைக்கு ஒரு மில்லி, நாளுக்கு இரண்டு வேளை, 60 மில்லி பாட்டில் ஒரு மாதம் வரும். சிங்கப்பூருக்குள் சொந்த உபயோகத்துக்கு மூன்று மாத அளவு வரைதான் கொண்டுவரலாம், சீட்டையும் பையில் வைத்துக்கொண்டேன். வீட்டில் பூனை வளர்ப்பவர்கள் மினாக்ஸிடில் தடவிய தலையணையை அதற்கு எட்டாமல் வைக்க வேண்டும், பூனைக்கு அது விஷம்.

மருந்து தொடங்கிய ஐந்தாவது வாரத்தில் குளியலறை வடிகால் அடைக்கும் அளவுக்குக் கொட்டியது. மினாக்ஸிடிலின் ஆரம்பத்தில் மெலிந்த முடி உதிர்ந்து வழிவிடும் என்று முன்பே சொல்லியிருந்தார், இருந்தாலும் அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. திருச்சியிலிருந்து இன்னும் வாரம் ஒரு முறை அழைப்பு வருகிறது, தள்ளுபடி இப்போது இருபது சதவீதமாம். மூன்று மாதம் முடிந்து இங்கே சிங்கப்பூரிலேயே ஒரு மருத்துவரிடம் காட்டிச் சீட்டைப் புதுப்பித்தேன். ஆறாம் மாதம் அதே வெளிச்சத்தில், அதே கோணத்தில் உச்சியைப் படம் எடுத்துக் கும்பகோணத்துக்கு அனுப்ப வேண்டும். இப்போது நான்காவது மாதம் நடக்கிறது.