விரலால் தொட்டுப் படிக்கும் இந்தியா: ஒரு புடைப்பு நிலப்படம் பற்றி

நாகர்கோவில் வடசேரியில் ஒரு புத்தகக் கடையில் 850 ரூபாய் கொடுத்து வாங்கிய இந்தியப் புடைப்பு நிலப்படம், இரண்டு மாதங்களாக எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் தொங்குகிறது. மலைகள் புடைத்து நிற்கும்படி பிளாஸ்டிக் தகட்டில் அழுத்தி எடுக்கப்பட்ட படம் இது. ஒரு சென்டிமீட்டருக்கு 40 கிலோமீட்டர் என்பது அளவுகோல். வடக்கு தெற்காக 3,214 கிலோமீட்டர் நீளும் நாடு ஏறக்குறைய எண்பது சென்டிமீட்டரில் அடங்கிவிட, நம் கன்னியாகுமரி மாவட்டம் என் சுண்டுவிரல் நுனிக்குக் கீழே மறைந்துவிடுகிறது.

நில அமைப்பைக் காட்டுவதில் இந்தப் படம் கொடுத்த காசுக்கு மேலாகவே பயன் தருகிறது. நான்காம் வகுப்புப் படிக்கும் என் மகள் மேற்குத் தொடர்ச்சி மலையின் முகட்டிலேயே விரலை ஓட்டிக்கொண்டு வந்தாள். நீலகிரியைத் தாண்டியதும் விரல் சட்டென்று ஒரு பள்ளத்தில் இறங்கியது. அதுதான் பாலக்காட்டுக் கணவாய் என்று நான் சொல்லும் முன்பே, "இந்த வழியாத்தான் காத்து வருமா?" என்று கேட்டுவிட்டாள். ஆரல்வாய்மொழிக் கணவாயையும் முப்பந்தல் காற்றாலைகளையும் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அந்தக் கேள்வி இயல்பாகவே வந்தது. தட்டையான படத்தில் பழுப்பு வண்ணத்தைக் காட்டி எத்தனை முறை விளக்கினாலும் இந்தத் தெளிவு கிடைத்திராது.

எனினும், மலைகளின் உயரம் மிகைப்படுத்தப்பட்டிருப்பதைப் பதிப்பாளர் எங்கும் குறிப்பிடவில்லை. 8,586 மீட்டர் உயரமுள்ள கஞ்சன்ஜங்கா, இந்த அளவுகோலின்படி இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் எழ வேண்டும். இங்கே இரண்டு சென்டிமீட்டர் எழுந்து நிற்கிறது. கைக்குத் தட்டுப்பட வேண்டுமானால் அப்படிச் செய்யத்தான் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அதைச் சொல்ல ஒரு வரி போதுமே. கன்னியாகுமரிக்கு அருகில் 'இந்தியாவின் தென்முனை' என்று அச்சிட்டிருப்பதோ தெளிவான பிழை. அது பெருநிலப்பரப்பின் தென்முனை மட்டுமே. நாட்டின் தென்முனை பெரிய நிக்கோபார்த் தீவிலுள்ள இந்திரா முனை. லடாக்கைத் தனி ஒன்றியப் பகுதியாகக் காட்டியிருப்பதால் 2019-க்குப் பிந்தைய எல்லைகளே இதில் இருக்கின்றன.

என்னை மிகவும் வருத்தியது படத்தின் ஓரத்தில் உள்ள பண்பாட்டுச் சித்திரங்கள்தான். மாநிலத்துக்கு ஒன்று என்று, பஞ்சாபுக்குப் பாங்க்ரா, அசாமுக்குப் பிஹு, கேரளத்துக்குக் கதகளி, தமிழ்நாட்டுக்குப் பரதநாட்டியம் எனப் பிரித்துக் கட்டம் கட்டியிருக்கிறார்கள். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சேர்ந்து உருவான நம் மாவட்டம் இந்தக் கட்டங்களில் எதற்குள்ளும் முழுதாக அடங்காது. பத்மநாபபுரம் அரண்மனை நம் மண்ணில் இருக்கிறது, அதைப் பராமரிப்பது கேரள அரசு. ஒவ்வொரு நவராத்திரிக்கும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும், வேளிமலைக் குமாரசுவாமியும், பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும் களியக்காவிளை எல்லையைக் கடந்து திருவனந்தபுரம் போய்த் திரும்புகிறார்கள். வழியெங்கும் மக்கள் நிறைபறை (பறை என்னும் அளவையில் நிறைத்த நெல்) வைத்து வரவேற்கிறார்கள். எல்லைக்கோடு போட்டபின்னும் அந்தப் பயணம் நிற்கவில்லை. "நாம மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீன்கறியும் திங்கிறோம், அப்போ நாம எந்தப் படத்துல வருவோம்ப்பா?" என்று மகள் கேட்டதற்கு இந்த நிலப்படத்தில் பதில் இல்லை. பஞ்சாபி எல்லைக்கு இருபுறமும் பேசப்படுவதையும், மைதிலி பீகாரில் தொடங்கி நேபாளம் வரை பேசப்படுவதையும் வைத்துப் பார்த்தால், இந்தக் குறை நமக்கு மட்டும் உரியதும் அன்று.

மறுபதிப்பில் ஓரச் சித்திரங்களை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மழை, பயிர், மொழி ஆகியவற்றுக்கு மூன்று சிறு படங்களைச் சேர்த்தால், தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்யும் நம் மாவட்டத்தில் குலசேகரத்தில் ரப்பரும் நாஞ்சில் நாட்டில் நெல்லும் விளைவதன் காரணம் பிள்ளைகளுக்கு விளங்கும். இப்போதைக்கு, நிலத்தைக் கற்பிக்க நினைக்கும் பெற்றோரும் ஆசிரியரும் தயங்காமல் வாங்கலாம். வெயில் நேராகப் படும் சுவரில் மட்டும் மாட்ட வேண்டாம். எங்கள் படத்தில் குஜராத் பக்கத்து ஓரம் இப்போதே சற்று வளைந்துவிட்டது.