கோவையில் ஒருநாள் உடல்மொழிப் பயிற்சி: ஏழு பேர் போய் வந்தோம்

போன மார்கழியில், முகூர்த்தம் இல்லாமல் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த ஒரு வாரம் பார்த்து, வாடிக்கையாளரின் உடல்மொழியைப் படிக்கக் கற்றுத்தருகிறோம் என்ற ஒருநாள் பயிற்சிக்கு ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு கோவை போனேன். எங்களுக்கு ஈரோட்டில் ஜவுளிக்கடை, கீழே காட்டன், மாடியில் பட்டு. தலைக்கு 1,800 ரூபாய், வேன் வாடகை தனி. நடத்தியவர்கள் பெயரைப் போடவில்லை. விசாரித்த வரையில் இந்த மாதிரி வகுப்பு பலவற்றில் ஏறக்குறைய இதே படங்களைத்தான் காட்டுகிறார்கள், ஒருத்தரை மட்டும் இழுத்துவிடுவது நியாயமில்லை. என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டரை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒன்பதரை என்றால் ஒன்பதரைக்கே ஆரம்பித்தார்கள். பயிற்சியாளர் தூங்கவிடாமல் பேசினார். மதியம் அரிசிம்பருப்பு சாதம், நெய் தாராளம், அதற்கே அரை மதிப்பெண். கையேடுதான் முழுக்க ஆங்கிலம், எங்கள் ஆட்களில் நாலு பேர் அதை விசிறியாகப் பயன்படுத்தினார்கள்.

முதல் படத்திலேயே எனக்கு இடித்தது. நாம் சொல்ல வருவதில் வார்த்தைக்கு 7 சதவீதம், குரலுக்கு 38, முகத்துக்கு 55 என்று போட்டார்கள். அப்படியானால் விலை என்ன என்று கேட்பவரிடம் நான் வாயைத் திறக்காமலே 55 சதவீதம் சொல்லிவிடலாமே! என் மகள் கோவையில்தான் சைக்காலஜி எம்.எஸ்ஸி. படிக்கிறாள், சாயங்காலம் அவளைப் பார்க்கப் போனபோது இதைச் சொன்னேன், சிரித்துவிட்டாள். "அது 1967-ல மெஹ்ராபியன்னு ஒரு சைக்காலஜி ஆய்வாளர் பண்ணுனதுங்கப்பா. ஒத்தை வார்த்தைய வேற வேற குரல்ல சொல்லிக் காட்டி, ஒரு முகத்தையும் காட்டி, இவருக்குப் புடிச்சிருக்கா இல்லையான்னு கேட்டாங்க, அவ்வளவுதான். எல்லாப் பேச்சுக்கும் இதே கணக்குன்னு அவரே சொல்லலை." சரி, இது பரவாயில்லை, எவனோ கிளப்பிவிட்டதை எல்லோரும் சொல்கிறார்கள்.

பதினோரு மணிக்கு மேல் வந்ததுதான் நான் இதை எழுதவே காரணம். ஆணும் பெண்ணும் அடுத்தவர் மனதை எப்படிப் படிக்கிறார்கள் என்ற பகுதி. கண்களை மட்டும் வெட்டி எடுத்த 36 புகைப்படங்கள், ஒவ்வொன்றுக்கும் நாலு வார்த்தை, எந்த உணர்ச்சி என்று டிக் அடிக்க வேண்டும். வார்த்தைகள் ஆங்கிலத்தில், பயிற்சியாளர் வாயால் தமிழ் சொல்லிக்கொண்டே போனார். எங்கள் கேஷியர் பெண் 29 வாங்கினாள். எங்கள் கடையில் 26 வருஷமாகப் பட்டு விற்கிற ஆள், வயது அறுபதை நெருங்குகிறது, எல்லோருக்கும் அவர் பெரியண்ணன், அவருக்கு 17. பயிற்சியாளர் உடனே, "பாத்தீங்களா, பெண் மூளை அப்படி, ஆண் மூளை இப்படி" என்று முடித்துவிட்டு டீ பிரேக் விட்டார்.

அவர் சொன்னதில் பாதி உண்மைதான், அதை மறைக்கக் கூடாது. ஜூடித் ஹால் என்ற ஆய்வாளர் 1978-லேயே 75 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, முகம், குரல், உடல் இவற்றிலிருந்து உணர்ச்சியைக் கண்டுபிடிப்பதில் பெண்கள் சராசரியாக முன்னால் இருப்பதைக் காட்டியிருக்கிறார். இதே கண் படச் சோதனையை 57 நாடுகளில் மூன்று லட்சம் பேருக்கு வைத்து 2022-ல் வெளியிட்டார்கள், 36 நாடுகளில் பெண்கள் முன்னால், 21-ல் சமம், ஆண்கள் முந்திய நாடு ஒன்றுகூட இல்லை. ஆனால் சராசரி வித்தியாசம் ஒன்றும் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது அல்ல. அது பிறப்பிலேயே வந்ததா, பழக்கத்தில் வந்ததா என்பதையும் இந்த எண் சொல்லாது. பயிற்சியாளர் அந்த இடத்தை ஒரே தாவாகத் தாவிவிட்டார்.

பெரியண்ணனுக்கு 17 என்றதும் எங்கள் ஆட்களே சிரித்தார்கள், அது எனக்குப் பொறுக்கவில்லை. அவர் மாடியில் உட்கார்ந்து சேலை போடுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தை மாதம் ஒரு குடும்பம் முகூர்த்தச் சேலை எடுக்க வந்தது, பதினோரு பேர். பொண்ணு, பொண்ணோட அம்மா, மாப்பிள்ளையின் அம்மா, ரெண்டு பக்கத்து அத்தைகள், சுவரோரம் போன் பார்த்துக்கொண்டு நாலு ஆம்பளைகள். பேசுவதெல்லாம் அத்தைகள். பொண்ணு வாயே திறக்கவில்லை, எதைக் காட்டினாலும் தலையை ஆட்டியது. ஒரு மாம்பழ மஞ்சள் சேலை விரித்தபோது மட்டும் அது பார்டர் மேல் வைத்த விரலை எடுக்க ஒரு நொடி தாமதித்தது. மாப்பிள்ளையின் அம்மா அதே சேலையின் விலைச் சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கீழே போட்டார். பெரியண்ணன் ஒன்றும் சொல்லவில்லை, அதை மட்டும் மடிக்காமல் தொடைக்குப் பக்கத்தில் தள்ளி வைத்துக்கொண்டார். இருபது நிமிஷம் வேறு வேறு சேலைகள், அதில் ரெண்டு வேண்டுமென்றே கூடுதல் விலை. அப்புறம் அந்த மஞ்சளை உதறி மாப்பிள்ளை அம்மாவின் தோளில் போட்டு, "அம்மிணி, மருமவளுக்கு நீங்க எடுத்துக் குடுத்ததுன்னு நாலு பேரு சொல்லோணுமில்ல" என்றார். எடுத்துவிட்டார்கள். அந்தப் பொண்ணு முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தது அப்போதுதான்.

இவருக்குத்தான் அடுத்தவர் மனசு படிக்கத் தெரியாது என்று ஒரு தாள் சொல்கிறது. கண்ணை மட்டும் வெட்டிக் கொடுத்தால் அவருக்குத் தெரியாது, சரி. விரலும், தோளும், யார் யாரைப் பார்த்துவிட்டுப் பேசுகிறார்கள் என்பதும் சேர்ந்து வந்தால்தான் அவருக்கு அது எழுத்து.

மகளிடம் இதைச் சொன்னேன், அவள் ரெண்டு ஆய்வு சொன்னாள். 2001-ல் அமெரிக்காவில் ஒரு சோதனை, அடுத்தவர் என்ன நினைக்கிறார் என்று சரியாகச் சொன்னால் காசு தருகிறோம் என்றதும் ஆண்களும் பெண்களுக்குச் சமமாக வந்துவிட்டார்கள். பெரியண்ணனுக்குச் சேலைக்கு இவ்வளவு என்று கமிஷன் உண்டு, இதைப் படிக்க எனக்கு ஆய்வே வேண்டாம். இன்னொன்று 1985-ல், ரெண்டு பேரை ஜோடியாக விட்டு ஒருவரைச் சொல்லிக்கொடுப்பவராகவும் மற்றவரைக் கற்பவராகவும் வைத்தார்கள். ஆணோ பெண்ணோ, கீழே இருந்தவர்தான் மேலே இருந்தவர் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பதைக் கூர்மையாகக் கண்டுபிடித்தார். இதைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் கூச்சமாகிவிட்டது. நான் காலையில் ஷட்டர் பக்கம் பைக்கை நிறுத்துகிற சத்தத்திலேயே இன்றைக்கு லீவு கேட்கலாமா வேண்டாமா என்று ஆட்கள் முடிவு செய்துவிடுவார்கள், எனக்கோ போன வருஷம் ஒரு பையன் வேலையை விட்டு நின்றதே சம்பளம் போடும்போதுதான் தெரிந்தது.

வள்ளுவர் குறிப்பறிதல் என்று ஒரே தலைப்பை ரெண்டு அதிகாரத்துக்கு வைத்திருக்கிறார். 71-ல் அரசன் முகம் பார்க்கும் ஆள், 110-ல் பெரும்பாலும் காதலியின் கண்ணைப் பார்க்கும் காதலன். ரெண்டிலும் எதிரே இருப்பவரின் தயவு வேண்டி நிற்பவன் ஆண்தான். எங்கள் ஈரோட்டுக் கருங்கல்பாளையம் மாட்டுச்சந்தையில் தரகர்கள் துண்டுக்கு அடியில் கையைப் பிடித்து விரலாலேயே விலை பேசுவார்களே, வாய் ஒன்று சொல்லும் விரல் ஒன்று சொல்லும், முகம் ரெண்டையும் காட்டிக்கொடுக்காது. ஆண்களுக்குச் சைகை புரியாது என்று அங்கே போய்ச் சொல்லிப் பார்க்கட்டும்.

மதியத்துக்கு மேல் இன்னும் மோசம். பெண் ஊழியர்கள் எப்போதும் சிரித்த முகமாக இருக்க வேண்டும், அது அவர்களுக்கு இயல்பு என்றார். பெண்கள் கூடுதலாகச் சிரிக்கிறார்கள் என்பது கணக்கில் வருவதுதான், 2003-ல் 162 ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அதே கணக்கில், ரெண்டு பேரும் ஒரே வேலையில் ஒரே இடத்தில் இருந்தால் அந்த வித்தியாசம் சுருங்கிவிடுகிறது. இயல்பாம்! பின் வரிசையில் இருந்த எங்கள் கேஷியர் கையைத் தூக்கிக் கேட்டாள், "ஏனுங்க சார், சிரிச்சா போன் நம்பர் கேக்கறாங்க, சிரிக்காட்டி திமிருங்கறாங்க, எதைப் பண்றதுங்க?" ஹால் முழுக்கச் சிரிப்பு, பயிற்சியாளரும் சிரித்தார், அடுத்த படத்துக்குப் போய்விட்டார். பெண்கள் யாரும் சிரிக்கவில்லை, அதை அவர் கவனிக்கவே இல்லை. உடல்மொழி வகுப்பில்!

அந்தக் கேள்விக்கு 1982-லேயே பதில் இருக்கிறது. அன்டோனியா ஆபி என்பவர் ஓர் ஆணையும் பெண்ணையும் ஐந்து நிமிஷம் பேசவிட்டு, இன்னொரு ஆணையும் பெண்ணையும் பார்க்க வைத்தார். சாதாரணமாகப் பழகிய பெண்ணை, பேசிய ஆணும் பார்த்த ஆணும், ஏதோ ஆசையோடு பழகியதாகப் பெண்களைவிடக் கூடுதலாக எடுத்துக்கொண்டார்கள். வகுப்பில் இருந்த ஆண்களுக்கு இந்த ஒன்றை அரை மணி நேரம் சொல்லியிருந்தால் நான் நாலு மதிப்பெண் போட்டிருப்பேன்.

பொய்யைக் கண்டுபிடிக்கும் பகுதியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மூக்கைத் தொட்டால் பொய், கண்ணைத் தாழ்த்தினால் பொய். எங்கள் ஊரில் பெரியவர் முன்னால் கண்ணைத் தாழ்த்துவது மரியாதை. ஆய்வுகளை மொத்தமாகப் பார்த்தால் மனிதர்கள் பொய்யைச் சரியாகப் பிடிப்பது நூற்றுக்கு 54 முறைதான், ஆணும் பெண்ணும் இதில் ஏறக்குறைய ஒன்றே. காசைச் சுண்டிப் போட்டாலே 50 வந்துவிடும்.

புதிதாகச் சேர்ந்த பையன்களுக்கு, ஆள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்ற புத்தியாவது வரும், அனுப்பலாம். அனுபவமுள்ளவர்களை அனுப்பாதீர்கள், சங்கடப்பட்டு வருவார்கள். பெண்களை அனுப்பினால் கூடவே முதலாளியும் போய் உட்காருங்கள்.

அடுத்து முதலாளிகளுக்கென்று தனி வகுப்பு, 2,500 ரூபாய், போனில் தகவல் வந்தது. போனை ஓரமாக வைத்துவிட்டு மாடிக்குப் போனேன். பெரியண்ணன் சேலை மடித்துக்கொண்டே நிமிராமல் கேட்டார், "மறுக்காவும் கூப்பிட்டாங்களாக்கும் தம்பி?"