சூட்டில் நிற்கும் பழைய கார்: கோளாறு பெட்ரோலிலா, கரண்டிலா?

வெயிலில் அரை மணி நேரம் நன்றாக ஓடிய கார், நெரிசலில் ஊர்ந்து போகும்போது நின்றுவிடுகிறது. செல்ஃப் அடித்தால் இன்ஜின் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. பானெட்டைத் திறந்து வைத்து இருபது நிமிடம் காத்திருந்தால், ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பிவிடுகிறது. கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் பாகம்) வைத்த பழைய கார் ஓட்டுகிறவர்கள் பலரும் இதற்கு ‘வேப்பர் லாக்’ (பெட்ரோல் ஆவியாகி வழியை அடைப்பது) என்று உடனே பெயர் வைத்துவிடுகிறார்கள். அதை நம்பிப் புது பம்ப் வாங்குவதற்கு முன்னால் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். சூட்டில் காரை நிறுத்தக்கூடிய முக்கியக் கோளாறுகள் மூன்று. மூன்றுமே ஆறினால் தற்காலிகமாகச் சரியாகிவிடும். அதனால் ‘ஆறியதும் கிளம்பியது’ என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. கார் நின்ற முதல் இரண்டு மூன்று நிமிடங்களில் என்ன பார்த்தோம் என்பதுதான் கணக்கு.

முதலில் உண்மையான வேப்பர் லாக். பெட்ரோல் ஒரே வெப்பநிலையில் கொதிக்கிற திரவம் இல்லை. அதில் இருக்கும் லேசான பகுதிகள் 35 டிகிரி செல்சியஸ் அளவிலேயே ஆவியாகத் தொடங்கும், கனமானவை 200 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும். இன்ஜினோடு பொருத்திய மெக்கானிக்கல் பம்ப், டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி இழுக்கிறது. உறிஞ்சுகிற பக்கத்தில் அழுத்தம் குறைவு. அழுத்தம் குறைந்தால் இன்னும் சீக்கிரம் ஆவியாகும். பம்ப் திரவத்தைத் தள்ளத்தான் செய்யப்பட்டது, ஆவியை வைத்துக்கொண்டு வெறுமனே அடித்துக்கொண்டிருக்கும். கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கி நிற்கும் ஃப்ளோட் சேம்பர் மெல்லக் காலியாகும். எனவே கார் சட்டென்று நிற்காது. இழுவை குறைந்து, குலுங்கி, திணறித்தான் நிற்கும். சூட்டில் சற்று நேரம் நிறுத்திவிட்டு எடுத்த கார் சில நூறு மீட்டர் ஒழுங்காகப் போய்விட்டு நின்றால், சேம்பரில் மிச்சமிருந்ததைக் குடித்துத் தீர்த்துவிட்டது என்று பெரும்பாலும் நம்பலாம். 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் இந்தத் தொல்லையைக் கூட்டும். தனி எத்தனால் கொதிப்பது 78 டிகிரியில்தான் என்றாலும், பெட்ரோலில் அந்த அளவு கலக்கும்போது கலவையின் ஆவியழுத்தம் உயர்கிறது.

இரண்டாவது கோளாறு இதற்கு நேர் எதிரானது, ஆனால் பெயர் மட்டும் அதே ‘வேப்பர் லாக்’ என்றே சொல்லப்படுகிறது. இங்கே குழாயில் பெட்ரோல் இல்லாமல் போவதில்லை. கார்புரேட்டருக்குள் இருக்கும் பெட்ரோலே கொதித்து, ஜெட் என்ற சிறு துளை வழியாக, காற்று போகும் தொண்டைக்குள் வழிகிறது. ஓடும்போது காற்றும் தண்ணீரும் சூட்டை எடுத்துப் போகும். இன்ஜினை நிறுத்தியதும் அந்த ஓட்டம் நின்று, மேனிபோல்டின் (இன்ஜினோடு இணைந்த காற்று, புகைக் குழாய்களின்) சூடு நேராகக் கார்புரேட்டருக்கு ஏறுகிறது. நிறுத்திய பிறகு பத்து இருபது நிமிடம் வரை கார்புரேட்டர் இன்னும் சூடாகிக்கொண்டே போகும் என்பது பலருக்குத் தெரியாத விஷயம். அதனால் இந்தக் கோளாறு அதிகம் காட்டிக்கொடுப்பது மறுபடி ஸ்டார்ட் செய்யும்போதுதான். பெட்ரோல் வாடை தூக்கும், பிடித்தாலும் கறுப்புப் புகையோடு தடுமாறும். ஐட்லிங்கில் நிற்கும்போதே வழிந்து, கலவை தடித்து, இன்ஜின் மூச்சுத் திணறி நிற்பதும் உண்டு.

இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் நாம் செய்கிற வைத்தியமே கெடுதலாகும். முதல் வகையில், பெட்ரோல் கிடைக்காமல் பட்டினி கிடக்கிற இன்ஜினுக்கு ஆக்சிலரேட்டரை மிதித்து மிதித்துப் பார்ப்பதில் பெரிய நஷ்டம் இல்லை. இரண்டாவது வகையில், ஏற்கெனவே பெட்ரோல் வழிந்து ஃப்ளட் ஆன இன்ஜினுக்கு அதையே செய்தால் பிளக் முழுக்க நனைந்துவிடும். அங்கே ஆக்சிலரேட்டரை அடிவரை ஒரே மிதியாக மிதித்து, விடாமல் வைத்துக்கொண்டு செல்ஃப் அடிக்க வேண்டும். கலவையை இன்னும் தடிக்க வைக்கும் சோக்கை இழுக்கவே கூடாது.

மூன்றாவது, இக்னிஷன், அதாவது பொறி உண்டாக்கும் மின்சுற்று. என் அனுபவத்தில் மிகவும் கவனிக்கப்படாமல் போவது இதுதான். சூடேறும்போது, பொறிக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயிலின் உள்சுற்றில் இன்சுலேஷன் விட்டுக்கொடுக்கும், கண்டென்சர் செத்துப்போகும். ஆறியதும் இரண்டும் மறுபடி வேலை செய்யும். இதன் அடையாளம், சாவியைத் திருப்பி அணைத்த மாதிரி ஒரே வெட்டாக நிற்பது. முன்னறிவிப்பு இருக்காது. டேக்கோமீட்டர் காயிலோடு இணைத்திருந்தால், கார் இன்னும் உருண்டுகொண்டிருக்கும்போதே முள் பூஜ்யத்துக்கு விழும். ஆறிய காயிலை ஓம் மீட்டரில் அளந்து ‘நல்லாத்தான் இருக்கு’ என்று சொல்வதில் பலன் இல்லை. காயிலின் பிரைமரி சுற்று 3 ஓம் காட்டலாம், சூட்டில் உயர் மின்னழுத்தம் தாங்குமா என்பதை மீட்டர் சொல்லாது. இன்னொன்று: பேலஸ்ட் ரெசிஸ்டரோடு (கரண்டைக் குறைக்கும் மின்தடை) மாட்ட வேண்டிய 1.5 ஓம் காயிலை, ரெசிஸ்டர் இல்லாமல் நேராக 12 வோல்ட்டில் மாட்டியிருந்தால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கரண்ட் இழுத்துச் சூடாகும். பழைய கார்களில் கைமாறிக் கைமாறி வந்த ஒயரிங்கில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

சரி, நின்றவுடன் எதைப் பார்ப்பது? சாவியை அணைத்துவிட்டு, ஏர் ஃபில்டரைக் கழற்றி, கார்புரேட்டர் தொண்டைக்குள் பாருங்கள். ஆக்சிலரேட்டர் லிங்கை ஒரு முறை கையால் இழுங்கள். பெட்ரோல் பீச்சி அடிக்கவே இல்லையென்றால் சேம்பர் காலி, பட்டினிதான். ஏற்கெனவே உள்ளே ஈரமாகச் சொட்டிக்கொண்டிருந்தால் கொதித்து வழிந்திருக்கிறது. அளவாகப் பீச்சி அடித்து, உள்ளே காய்ந்திருந்தால் பெட்ரோலை விட்டுவிட்டுக் கரண்டைத் தேடுங்கள்: ஸ்பார்க் டெஸ்டரை மாட்டிச் செல்ஃப் அடிக்கும்போது பொறி நீலமாகப் பளிச்சென்று வந்தால் காயில் தப்பித்தது, ஆரஞ்சு நிறத்தில் மெலிந்து வந்தாலோ வராமலே போனாலோ காயில், கண்டென்சர், பாயிண்ட் (காயிலின் கரண்டை வெட்டிவிடும் தொடுப்பு) ஆகியவற்றைச் சந்தேகியுங்கள். எஸ்யூ வகைக் கார்புரேட்டரில் இப்படிப் பீச்சி அடிக்கும் ஆக்சிலரேட்டர் பம்ப் கிடையாது. அதில் ஃப்ளோட் சேம்பர் மூடியைத் திறந்துதான் மட்டம் பார்க்க வேண்டும். இன்ஜின் சூடாக இருக்கும்போது பெட்ரோலைத் திறக்கிறோம் என்பதை மறக்காதீர்கள். சிகரெட் வேண்டாம், தீயணைப்பான் கையருகே இருக்கட்டும், ஸ்பார்க் டெஸ்டை எல்லாவற்றையும் மூடித் துடைத்த பிறகே செய்யுங்கள்.

பம்பின் மேல் ஈரத்துணி போடும் பழைய சோதனையை நான் பாதிதான் நம்புகிறேன். தண்ணீர் காயில் மேலும் பட்டு அதுவும் ஆறிவிட்டால் எது குணமானது என்று தெரியாது. பம்ப், குழாய் இரண்டில் மட்டும் படுகிற மாதிரி போட்டால் அது ஒரு துப்பு. சூடான எக்சாஸ்ட் மேனிபோல்டில் பட்டால் வார்ப்பிரும்பில் விரிசல் விழலாம்.

டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்துக்கொண்டாலும் பட்டினி போலவே நிற்கும். நின்றதும் மூடியைத் திறந்து ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுத்தால் விஷயம் அங்கேயே முடிந்தது.

வைத்தியத்திலும் மூன்றும் வேறு. பட்டினிக்கு, குழாயை எக்சாஸ்ட்டிலிருந்து விலக்கி ஓட்டுவதும், டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் லைன் போடுவதும் எனக்குப் பிடித்தவை. டேங்க் பக்கத்தில் எலக்ட்ரிக் பம்ப் வைத்தால் உறிஞ்சுவதற்குப் பதில் தள்ளும், ஆனால் கார்புரேட்டர் தாங்கும் அழுத்தத்துக்கு மேல் போகக் கூடாது. கொதித்து வழிவதற்கு அந்தப் பம்ப் ஒன்றும் செய்யாது, சில நேரம் கூட்டவும் செய்யும். அதற்குக் கார்புரேட்டர் அடியில் தடித்த இன்சுலேட்டர், நடுவே ஹீட் ஷீல்ட், அப்புறம் மேனிபோல்டில் ஹீட் ரைசர் வால்வு (புகைச் சூட்டைக் கார்புரேட்டர் பக்கம் திருப்பும் வால்வு) இருந்தால் அது மூடிய நிலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பது. காயிலுக்கோ, ஓடுகிறது என்று உறுதியாகத் தெரிந்த இன்னொரு காயிலும் ஒரு கண்டென்சரும் டிக்கியில் இருந்தால் போதும். சாலையோரத்தில் முதலில் மாற்றிப் பார்க்க எளிதானது கரண்ட் பக்கம்தான், அதனால் தொண்டைக்குள் பெட்ரோல் ஒழுங்காக இருந்தால் நான் அங்கிருந்தே தொடங்குவேன்.