ஒன்பது வருடமாக அதே மூன்று கலர் லைட்

வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டிப் பக்கம் வேலைக்குப் போக ஸ்கூட்டி வாங்கி ஒன்பது வருடமாகிறது. வழியில் அடுத்தடுத்து வரும் மூன்று சந்திகளின் கலர் லைட்டுகளும் நேரத் திட்டப்படி ஒன்றோடொன்று கோத்து ஓடுகின்றன. இது முதல் இரண்டு வருடம் எனக்குத் தெரியாது. எனக்கு மட்டும்தான் சிவப்பு விழுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

விஷயத்தைச் சொன்னவர் என் மச்சான். வளைகுடாவில் கலர் லைட்டை ஓட்டும் சிக்னல் பெட்டிகளோடு பல வருடம் மல்லுக்கட்டியவர். மூன்று சந்திக்கும் சுற்று நேரம், அதாவது ஒரு பச்சையிலிருந்து அடுத்த பச்சை வரும்வரை ஆகும் நேரம், ஒன்றாக இருக்கவேண்டும், அப்போதுதான் கோர்வை நிற்கும் என்றார். அப்புறம் ஒரு சந்தி பச்சையாகி எத்தனை செக்கன் கழித்து அடுத்தது பச்சையாக வேண்டும் என்ற கணக்கு. அதை ஒஃப்செட் என்பார்களாம். இரண்டுக்கும் இடையில் 400 மீற்றர், வேகம் மணிக்கு 36 கிலோமீற்றர் என்றால் செக்கனுக்கு 10 மீற்றர், ஆக 40 செக்கன்.

கணக்கைக் கேட்டதும் சோதித்துப் பார்த்தேன். 35, 36இல் நிதானமாகப் போனால் மூன்றும் பச்சை. 55இல் பறந்தால் சீக்கிரமாகப் போய்ச் சிவப்பில் நிற்கவேண்டியதுதான். காலையில் ஒரு ஓட்டோ அண்ணன் என்னை இடது பக்கத்தால் வெட்டிக்கொண்டு போவார். அடுத்த லைட்டில் அவர் பக்கத்திலேயே போய் நிற்பேன். அவர் என்னைப் பார்க்காத மாதிரிக் கண்ணாடியைத் திருப்பிச் சரிசெய்வார். வாரத்தில் இரண்டு மூன்று நாள் இது நடக்கும்.

காலையில் எதிர்ப் பக்கம் வருபவர்களுக்கு இந்தச் சொகுசு இல்லை. இரண்டு பக்கத்துக்கும் பச்சை தொடர்ந்து கிடைக்கவேண்டுமென்றால், ஒரு சந்தியிலிருந்து அடுத்ததற்குப் போகும் நேரம் சுற்றில் பாதியாகவோ முழுதாகவோ அமையவேண்டும். சுற்று 120 செக்கன் என்றால் 60 செக்கன், அதாவது அதே வேகத்தில் 600 மீற்றர். கொழும்புச் சந்திகளை யாரும் டேப் பிடித்து அளந்து வைக்கவில்லையே. அதனால் காலைக்கு ஒரு திட்டம், மாலைக்கு ஒரு திட்டம். ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும் அந்தச் சில நிமிடம் மூன்றும் தாளம் தப்பி நிற்கும். அந்த நேரத்தில் நான் தேத்தண்ணிக் கடையில் இருப்பேன்.

மழை நாளில் திட்டம் படுத்துவிடும். எல்லோரும் 20இல் ஊர்ந்தால் அதே 400 மீற்றருக்கு 72 செக்கன் வேண்டும். 32 செக்கன் பிந்திப் போய்ச் சேர்கிறோம், பச்சையின் வால்தான் மிச்சம். ஆடிவேல் திருவிழாத் தேர் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு வரும் நாளைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

என் பெரிய முறைப்பாடு கடிகாரத்தைப் பற்றியது. 2022இல் கரண்ட் போய்ப் போய் வந்த காலத்தில் லைட்டுகளும் செத்துச் செத்து எழும்பின. அதற்குப் பிறகு நடுச் சந்தி மட்டும் ஏறக்குறைய 15 செக்கன் பிந்தி ஓடியது. கிட்டப் போகும்வரை சிவப்பு, நாங்கள் பிரேக் பிடித்துக் கால் ஊன்றியதும் பச்சை. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் தனிக் கடிகாரம் இருந்தால், நேரம் பிசகியதும் ஒஃப்செட்டும் பிசகும் என்றார் மச்சான். போன் பண்ணிச் சொன்னேன். “பார்க்கிறோம்” என்றார்கள். மாதக் கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு திங்கட்கிழமை பார்த்தால் சரியாக இருந்தது. யார் வந்தார், எப்போது வந்தார், தெரியாது.

பள்ளிக்கூட நேரத்தில் பொலிஸ்காரர் லைட்டை நிறுத்திவிட்டுக் கையால் விடுவார். ஒரு பக்கத்தை மூன்று நான்கு நிமிடம் மறித்தால் அடுத்த சந்தியில் முதலில் காலி, பிறகு வெள்ளம். ஆரம்பத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் நேரத் திட்டத்துக்குக் கண் கிடையாது. முன் சந்தியின் வரிசை பின் சந்திவரை நீண்டுவிட்டாலும் அது பாட்டுக்குப் பச்சை போடும், போக இடம் இருக்காது. அந்த நேரத்தில் அவர் கைதான் உதவும். மூன்று சந்தியிலும் மூன்று பேர் ஆளுக்கொரு எண்ணத்தில் விடும் நாளில் மட்டும் எனக்குப் பொறுமை இல்லை.

இப்போது மகளும் பின்னால் இருந்து வருகிறாள். முதல் லைட்டைத் தாண்டியதும் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்குவாள். முப்பத்தெட்டில் எனக்கு முன்னால் பச்சை விழுந்தால், “அப்பா, இன்றைக்கு இரண்டு குறைவு” என்கிறாள். அவள் எண்ணுகிற வேகம் கொஞ்சம் மெது.