மணிலாவில் குதிரை வண்டி ஏறுவோர் கவனத்திற்கு

மணிலாவின் பழைய கோட்டை நகரமான இன்ட்ராமுரோஸில் கலேசா எனப்படும் குதிரை வண்டியில் ஏற எண்ணுபவர்கள், கூலியை முழுமையாகப் பேசி முடிக்காமல் படியில் கால் வைக்க வேண்டாம்.

அம்மாவுக்கு முழங்கால் வலி என்பதால் நாங்கள் மூவரும் வண்டியை நாடினோம். பேராலயத்தின் எதிரே நின்ற வண்டிக்காரர், பிளாஸ்டிக் உறையிட்ட கட்டண அட்டையைக் காட்டி, எல்லா இடங்களையும் சுற்றிக் காட்ட 500 பெசோ என்றார். சான்டியாகோ கோட்டை அன்று பூட்டியிருப்பதாகச் சொல்லி அந்தப் பக்கமே போகாமல், நினைவுப் பொருள் கடை ஒன்றின் வாசலில் நெடுநேரம் காக்க வைத்து, ஒரு மணி நேரம் கழித்து, ஏறிய இடத்தில் இறக்காமல் மதிலோரம் ஆளரவமற்ற சந்து ஒன்றில் வண்டியை நிறுத்தினார். அங்கே அதே அட்டையைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கத்தில், பொடி எழுத்தில், ஓர் ஆளுக்கு, அரை மணிக்கு என்றிருந்தது. ஆக 3,000 பெசோ கேட்டார். அம்மா இறங்கவும் முடியாமல் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். காவலரிடம் பேசிக்கொள்ளலாம் என்று நான் உறுதியாகச் சொன்ன பிறகே வண்டிக்காரர் 1,500க்கு இறங்கி வந்தார். முதியவர் ஒருவரின் இயலாமையைப் பயன்படுத்திப் பணம் பறித்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை. பிறகு போய்ப் பார்த்தபோது கோட்டை திறந்துதான் இருந்தது.

ஆகவே, கூலி வண்டிக்கா ஆளுக்கா, எவ்வளவு நேரத்திற்கு, எங்கே இறக்கிவிடுவார் என்ற மூன்றையும் கேட்டு, கைப்பேசியில் தட்டச்சு செய்து வண்டிக்காரரிடம் காட்டி ஒப்புதல் வாங்குங்கள். அட்டையின் இருபுறத்தையும் படம் எடுத்து வையுங்கள். நேர்மையாகப் பிழைக்கும் வண்டிக்காரர் இதற்குத் தயங்கமாட்டார். சில்லறை இல்லை என்ற பேச்சுக்கு இடம் தராதபடி 100, 200 பெசோ தாள்களைக் கையில் வைத்திருங்கள். தகராறு முற்றினால், ஸ்பானியர் காலச் சீருடையில் அங்கே சுற்றிவரும் காவலர்களை அழையுங்கள். அவசர உதவி எண் 911.

நடக்க முடிந்தவர்களுக்கு வண்டியே தேவையில்லை என்பது என் கருத்து. பேராலயத்திலிருந்து, 1607இல் கட்டி முடிக்கப்பட்டு 1945 போரின் அழிவிலும் தப்பி நின்ற சான் அகஸ்டின் தேவாலயம் வரை ஜெனரல் லூனா தெரு வழியே சில நிமிட நடைதான். சான்டியாகோ கோட்டையில், 1896 டிசம்பர் 30 அன்று பிலிப்பைன்ஸின் தேசிய வீரர் ஹோசே ரிசால் மரண தண்டனைக்கு நடந்து சென்ற வழியைத் தரையில் பதித்த உலோகக் காலடித் தடங்கள் காட்டுகின்றன. அவற்றை நிதானமாகப் பின்தொடர்ந்து செல்லலாம். முதியவர்களுடன் செல்பவர்கள் கிராப் செயலியில் கார் பதிவு செய்தால், காரில் ஏறுவதற்கு முன்பே கட்டணம் திரையில் தெரிந்துவிடும்.